மருத்துவமனைக்கு முதுகைக் காட்டி நின்ற நிலையம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் பங்குபெற்ற ஓர் இலகு ரயில் (நகருக்குள் ஓடும் சிறிய மின்சார ரயில்) திட்டத்தில், ஒரே ஒரு நிலையத்தைப் பற்றிய பதிவு இது. ஊர், நிறுவனம், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. நிலையங்களுக்கு மக்கள் நடந்து வரும் வழிகளைத் திட்டமிடுவது என் பொறுப்பு. ஆகவே கீழே வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

வடக்கு தெற்காகப் போகும் அகலமான சாலை ஒன்றின் நடுவில் ரயில் தடம் ஓடுகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நடைமேடை. தடத்தின் இரு புறமும் பஸ்ஸும் காரும் போகும் பாதைகள். ஐந்தாவது நிலையத்தை எங்கே வைப்பது என்று இரண்டு யோசனைகள் இருந்தன.

ஒன்று நாற்சந்தி. பள்ளி, நெருக்கமான குடியிருப்பு, பஸ் நிறுத்தம் எல்லாம் அங்கே. மருத்துவமனையின் வாசலும் சாலையின் கிழக்குப் பக்கம், நாற்சந்திக்குச் சற்று வடக்கே இருந்தது. இன்னொன்று, நாற்சந்தியிலிருந்து சுமார் 400 மீட்டர் வடக்கே, நெடுஞ்சாலை மேலே குறுக்கிடும் இடத்தை ஒட்டியது. அங்கே அரசு நிலம் காலியாகக் கிடந்தது. 200 கார்கள் நிறுத்த இடம் ஒதுக்கலாம், வெளியூரிலிருந்து நெடுஞ்சாலையில் வருபவர்கள் காரை விட்டுவிட்டு ரயில் ஏறலாம் என்பது வாதம்.

நாற்சந்தியில் இருந்த சிக்கல்கள் உண்மையானவை. தடம் அங்கே வளைகிறது. வளைவில் நடைமேடை கட்டினால் ரயில் கதவுக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி விழும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளும். தரைக்கடியில் ஊருக்கே தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்றும் இருந்தது. அதை நகர்த்தினால் திட்டம் பல மாதம் தள்ளிப்போகும். வடக்கு இடத்தில் தடம் நேராக இருந்தது, தரை சமமாக இருந்தது, நகர்த்த எதுவும் இல்லை. கட்டுமானப் பிரிவினர் எதை விரும்பினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நெடுஞ்சாலை அருகே நிலையம் வைப்பதில் உள்ள ஆபத்து யாருக்கும் தெரியாததல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் 1995-ல் திறந்த இலகு ரயில் தடம் ஒன்று பெரும்பாலும் நெடுஞ்சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. பயணிகள் இரைச்சலுக்கு நடுவில் நின்று ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சும் வந்தது. நம் நிலையம் நெடுஞ்சாலைக்கு நடுவில் இல்லையே, பக்கத்தில்தானே இருக்கிறது என்று சொல்லிக் கடந்துவிட்டோம்.

வட்டம் போட்டு எடுத்த முடிவு

இரண்டு இடங்களையும் ஒப்பிட, இந்தத் துறையில் வழக்கமாகச் செய்வதையே செய்தோம். வரைபடத்தில் நிலையத்தைப் புள்ளியாக வைத்து 800 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டோம். ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாக வைத்தால் அது 11 நிமிட நடை. இரண்டு வட்டத்துக்குள்ளும் மருத்துவமனை வந்தது, பள்ளி வந்தது, குடியிருப்பின் பெரும்பகுதியும் வந்தது. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்புறம் என்ன, செலவு குறைவான இடம் தேர்வானது.

அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். ஆனால் யாரும் காக்கை மாதிரி பறந்து வருவதில்லை. கட்டம் கட்டமாகத் தெருக்கள் அமைந்த, ஒரு முட்டுச்சந்துகூட இல்லாத ஊரிலும் 800 மீட்டர் நடந்து எட்டக்கூடிய பகுதி சாய்சதுரமாகத்தான் இருக்கும். அதன் பரப்பு 1.28 சதுர கிலோமீட்டர், அதாவது வட்டத்தில் 64 சதவீதம். மிக நல்ல ஊரிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. எங்கள் இடத்திலோ வடக்கே நெடுஞ்சாலை வழியை அடைத்தது. மேற்கே ஒரு கல்வி நிறுவனத்தின் நீண்ட சுற்றுச்சுவர். வட்டத்துக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அந்தச் சுவர் ஓரமாக நான் பல முறை நடந்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமான இன்னொரு முடிவு, யாரும் முடிவு என்றே நினைக்காமல் நடந்தது. நடைமேடைக்கு ஒரே ஒரு வாசல், அதுவும் வடக்கு முனையில். கார் நிறுத்துமிடம் அங்கே இருந்தது, சிக்னலும் அங்கே இருந்தது. டிக்கெட் இயந்திரங்களையும் கேமராக்களையும் ஒரே இடத்தில் வைத்தால் பராமரிப்பு எளிது. வரைபடத்தில் தெற்கு முனையில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அது வேலி.

திறந்த பிறகு

முதல் சில வாரங்களிலேயே ரயில் ஓட்டுநர்களிடமிருந்து புகார் வந்தது: தெற்கு முனையில் ஆட்கள் வேலி தாண்டி ஏறுகிறார்கள், ஹாரன் அடித்துக்கொண்டேதான் நிலையத்துக்குள் வர வேண்டியிருக்கிறது. பயணிகள் எண்ணிக்கையும் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. குறிப்பாக நடந்து வருபவர்கள் குறைவு.

நான் போய்ப் பார்த்தபோது வேலியின் இரண்டு கம்பிகள் வளைந்திருந்தன. மேல் கம்பியின் கூர்முனைகளில் யாரோ பச்சைத் துணியை நான்கைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள், தாண்டும்போது உடை கிழியாமல் இருக்க. கீழே மூன்று செங்கல் அடுக்கி ஒரு படி. அங்கிருந்து சாலையோரம் வரை, நடுத்திட்டின் புல்லில் தெளிவான ஒற்றையடிப்பாதை. திறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

முதல் நடவடிக்கை

வேலியை உயர்த்தினோம். 1.1 மீட்டரை 1.8 மீட்டர் ஆக்கினோம், காலையில் ஒரு காவலரையும் நிறுத்தினோம். உயிர் போகும் விஷயம், உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றம்தான் காரணம்.

இரண்டே வாரத்தில் ஆட்கள் வேலி முடியும் இடம்வரை தெற்கே போய், அங்கே தடத்தில் ஏறி, தண்டவாளத்தின் ஓரமாகவே வடக்கே நடந்து வர ஆரம்பித்தார்கள். முன்பு ஒரு தடத்தைக் குறுக்கே தாண்டினார்கள், சில விநாடி வேலை. இப்போது ரயில் முதுகுப் பக்கம் வரக்கூடிய தடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நடந்தார்கள். இருந்த ஆபத்தை நாங்களே பெரிதாக்கியிருந்தோம்.

நின்று பார்த்த மூன்று நாள்

அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தோம். நானும் இன்னொரு சகாவும் ஸ்டாப்வாட்சும் அளவுச் சக்கரமும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் காலையும் மாலையும் அங்கேயே நின்றோம். மருத்துவமனை வாசலிலிருந்து மற்றவர்களோடு நடந்தோம்.

மருத்துவமனை வாசலிலிருந்து நடைமேடையின் தெற்கு முனைக்கு 260 மீட்டர். நடைமேடையின் வடக்கு வாசல் வழியாக முறைப்படி போனால்? 260 மீட்டர் வடக்கே நடந்து, பிறகு 90 மீட்டர் நீள நடைமேடையைப் பக்கவாட்டில் கடந்து, இன்னும் 110 மீட்டர் போனால் சிக்னல். அங்கே பாதிச் சாலையைக் கடந்து நடுத்திட்டுக்கு வந்து, அதே 110 மீட்டர் தெற்கே திரும்ப வேண்டும். எல்லாம் சேர்த்து சுமார் 590 மீட்டர். நடுவில் நெடுஞ்சாலைக்கு ஏறும் கிளைச்சாலையின் வாய் ஒன்று. அங்கே சிக்னல் இல்லை, கார்கள் வேகம் எடுத்துக்கொண்டே திரும்பும்.

சிக்னலின் ஒரு சுற்று 150 விநாடி. அதில் நடப்பவர்களுக்குப் பச்சை 15 விநாடி. எந்த நேரத்தில் வந்து சேருவோம் என்று சொல்ல முடியாத ஒருவர் சராசரியாக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நேரம் சரியில்லை என்றால் இரண்டே கால் நிமிடம். ஒரு நிமிடக் காத்திருப்பு என்பது நடையில் 72 மீட்டர். இப்படிச் சேர்த்துப் பார்த்தால் 260 மீட்டரில் இருக்கும் நிலையம் 660 மீட்டருக்கு அப்பால் போய்விடுகிறது. உண்மையில் இன்னும் தூரம். ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைவிட வெளியே நிற்கும் நிமிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம் என்றுதான் பயணக் கணக்குகளில் வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிக்னலில் 30 விநாடிக்கு மேல் நிற்க வைத்தால் நடப்பவர்கள் பொறுமை இழந்து சிவப்பிலேயே கடக்கத் தொடங்குவார்கள் என்பதும் போக்குவரத்துப் பொறியாளர்களுக்குத் தெரிந்த பாடம்.

இரண்டாம் நாள் காலை, கைத்தடியோடு ஒரு முதியவர் பச்சை விழுந்ததும் இறங்கினார். 14 மீட்டர். எங்கள் சிக்னல் கணக்கின்படி அது 12 விநாடி வேலை. அவர் நடந்தது விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில். அவருக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். கடைசி லேனில் அவர் இருக்கும்போதே சிவப்பு விழுந்தது. முன்வரிசைக் கார் கிளம்பி, நின்று, ஹாரன் அடித்தது. அவர் தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு ஓடினார். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற பழைய கணக்கை அமெரிக்கா தன் சாலைக் கையேட்டில் 2009-லேயே சுமார் 1.07 மீட்டராகக் குறைத்துவிட்டது. மருத்துவமனைக்கு முன்னால் இருக்கும் சிக்னலுக்கு அதுவும் போதாது.

அன்று மாலை தடத்தின் ஓரமாக நடந்து வந்த ஒரு பெண்ணிடம் பேசினேன். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறவர். ஏன் இப்படி வருகிறீர்கள் என்று கேட்டதும் கோபப்படாமல் பதில் சொன்னார்: “நாள் முழுக்க நின்னு வேலை செஞ்சிட்டு வர்றேன் சார். ரயில் கண்ணு முன்னாடி நிக்குது. அதைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வரச் சொல்றீங்க.” எங்கள் அறிக்கையின் மூன்று பக்கங்கள் சொல்ல வேண்டியதை அவர் முடித்துவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தையும் எண்ணினோம். அது முழுக்க நிரம்பினாலும் 200 கார், பெரும்பாலும் காருக்கு ஒருவர். நெருக்கி நின்றால் ஒரே ஒரு ரயிலில் அடங்கும் கூட்டம் அது. அதற்காக ஒதுக்கிய நிலம், ஒரு காருக்கு வழியோடு சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் என்று வைத்தால், 5,000 சதுர மீட்டருக்குக் குறையாது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணமாக இருந்தது இந்தக் கூட்டம்தான்.

மேசைக்கு வந்த வழிகள்

நடை மேம்பாலம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். ரயிலுக்கு மேலே மின்கம்பி ஓடுவதால் பாலம் 6 மீட்டராவது உயர வேண்டும். சக்கர நாற்காலிக்கு 1:12 சாய்வில், அதாவது 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளத்தில், சாய்தளம் போட்டால் நடுநடுவே நின்று இளைப்பாறும் சமதளங்கள் நீங்கலாகவே 72 மீட்டர், ஏற ஒன்று, இறங்க ஒன்று. லிஃப்ட் வைக்கலாம், லிஃப்ட் பழுதாகும் நாளில் அந்த முதியவர் என்ன செய்வார்? சமதளத்தில் ரயில் தெரியும்போது இளைஞர்கள் 6 மீட்டர் ஏறி இறங்கப் போவதுமில்லை. இதை நான் கடுமையாக எதிர்த்தேன். சாலையில் நடப்பவரை மேலே அனுப்பினால் கீழே யாருக்கு வசதி என்பதை வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது.

தெற்கு முனையில் இரண்டாவது வாசல், சமதளக் கடப்பு, சிக்னல். இதுதான் எங்கள் பரிந்துரை. ரயில் இயக்கப் பிரிவு தயங்கியது: தடத்தின் குறுக்கே ஆட்களை நாமே வரவழைக்கிறோமே என்றார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லா ரயிலும் நிற்கும் நிலையம் இது. நடைமேடையின் முனையில் ஒரு தடத்து ரயில் நிற்பதற்காக வேகம் குறைத்து வரும், மறு தடத்து ரயில் அப்போதுதான் கிளம்பியிருக்கும். தடத்தைக் கடப்பதற்கு அதைவிட மெதுவான இடம் அந்தப் பாதையில் வேறு இல்லை. மேடையின் உயரமும் உதவியது. தாழ்தளப் பெட்டிகள் என்பதால் மேடை 35 சென்டிமீட்டர்தான். 1:20 என்ற மென்மையான சாய்விலேயே 7 மீட்டர் சாய்தளம் போதும்.

போக்குவரத்துப் பிரிவோடு பேச்சு நீண்டது. புதிய சிக்னலால் கார்கள் தேங்கும் என்பது அவர்கள் கவலை. சாலையின் இரு பாதிகளையும் தனித்தனிக் கடப்பாக்கி, சுற்றைப் பாதியாக, 75 விநாடியாக வைக்கலாம் என்றோம். நடப்பவர்களுக்கு 20 விநாடிப் பச்சை. கைத்தடி முதியவரின் 17.5 விநாடி அதில் அடங்கும். சராசரிக் காத்திருப்பும் 20 விநாடிக்கு இறங்கும். நாற்சந்தி சிக்னலோடு இணைத்து ஓட்டுவது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள்.

மேற்குச் சுவர்

கட்டுமானத்தைவிட அதிக காலம் எடுத்தது ஒரு கதவு. மேற்கே கல்வி நிறுவனத்தின் சுவருக்கு உள்ளே, நிலையத்துக்கு நேர் எதிரே மாணவர் விடுதி இருந்தது. சுவரில் வழி இல்லாததால் மாணவர்கள் நாற்சந்தி வாசல்வரை போய்ச் சுற்றி வந்தார்கள், அல்லது சுவர் ஏறிக் குதித்தார்கள். ஒரு சிறு கதவு போதும். நிறுவனம் பாதுகாப்பை நினைத்துப் பயந்தது. யார் பூட்டுவது, யார் காவல் நிற்பது, விளக்குக்கு யார் மின்கட்டணம் கட்டுவது என்று பல மாதம் கடிதங்கள் போயின. கடைசியில் காலை 6 முதல் இரவு 9 வரை கதவு திறந்திருக்கும், விளக்கு எங்கள் பொறுப்பு என்று முடிவானது. விடுமுறை நாட்களில் கதவு பூட்டியே இருக்கிறது. அதை மாற்ற முடியவில்லை.

பிறகு நடந்தது

தெற்கு வாசல் திறந்த முதல் வாரமே காலைப் பயணிகளில் பாதிக்கு மேல் அந்த வழியாக வந்தார்கள். வேலி தாண்டுவது ஏறக்குறைய நின்றுபோனது. காவலரை எடுத்துவிட்டோம். பச்சைத் துணி சில மாதம் கம்பியிலேயே வெளுத்துத் தொங்கியது. பயந்த அளவுக்குக் கார்கள் தேங்கவில்லை.

ஆனால் ஒரு சம்பவம் நடந்தது. சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இந்தக் கடப்பையே பயன்படுத்திய ஓர் இளைஞர், காதில் இயர்போனோடு, நின்றிருந்த ரயிலின் பின்னாலிருந்து வெளியே வந்து இரண்டாவது தடத்தில் கால் வைத்தார். எதிர்த்திசை ரயில் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் அவசர பிரேக் போட்டார்; ரயில் இரண்டு கை தூரத்தில் நின்றது. யாருக்கும் காயமில்லை. நின்ற ரயில் வருகிற ரயிலை மறைப்பது, இலகு ரயில் கடப்புகளில் எல்லா ஊரிலும் தெரிந்த ஆபத்து. அதற்கான மருந்தும் தெரிந்ததுதான்: நடை வழியை இசட் வடிவில் கைப்பிடி வைத்து வளைத்தால், அடுத்த தடத்தில் கால் வைப்பதற்கு முன் உடம்பு தானாக ரயில் வரும் திசைக்குத் திரும்பும். எங்கள் முதல் வரைபடத்தில் அந்த வளைவு இருந்தது. இடம் போதவில்லை என்று நேராக்கியிருந்தோம். சம்பவத்துக்குப் பிறகு அருகிலிருந்த விளம்பரப் பலகையை எடுத்தபோது வளைவுக்கு இடம் கிடைத்தது. அந்தப் பலகை பார்வையையும் மறைத்துக்கொண்டிருந்தது.

மறுபடி செய்தால்

நிலையத்தை நாற்சந்தியில்தான் வைத்திருக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வளைவும் குழாயும் உண்மையான தடைகள். வடக்கு இடத்தை நான் இன்றும் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். நடைமேடையைச் சற்றுத் தெற்கே, வளைவு தொடங்கும் வரை நகர்த்தியிருக்கலாம். அதை யாரும் வரைந்துகூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் எங்களிடம் இரண்டு புள்ளிகள்தான் இருந்தன.

வாசல்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனி வாசலை முதலில் வரைந்து, நடைமேடையைப் பிறகு வரைவேன். இரண்டு முனையும் திறந்திருப்பதே இயல்பு. ஒரு முனையை மூட வேண்டுமானால் மூடச் சொல்பவர் காரணம் எழுதித் தரட்டும். கட்டும்போதே தெற்குச் சாய்தளத்தைப் போட்டிருந்தால் சாலையை இரண்டாவது முறை அடைத்திருக்க வேண்டியதில்லை.

வட்டத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு செய்த நிலையங்களில், பத்துப் பதினைந்து வீட்டு வாசல்களையும் பணியிட வாசல்களையும் தேர்ந்தெடுத்து, ரயில் கதவுவரை எத்தனை நிமிடம் என்று நடந்தே அளக்கிறோம். சிக்னலில் நிற்கும் நேரமும் அதில் சேரும். ஒரு முறை இரவில் நடக்கிறோம், ஒரு முறை விநாடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் போகாமல் நடக்கிறோம். பஸ் நிறுத்தத்தையும் அப்போதே பார்க்கிறோம். இந்த நிலையத்தில் அது நாற்சந்தியிலேயே நின்றுவிட்டது. புதிய வாசலுக்கு எதிரே நகர்த்த மேலும் ஓராண்டு பிடித்தது.

வடக்கே, நெடுஞ்சாலைக்கு ஏறும் கிளைச்சாலையின் வாயில் இன்னும் சிக்னல் இல்லை. கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் இருக்கும் சிறு குடியிருப்பிலிருந்து கிழக்கு நடைபாதை வழியாக வருபவர்கள் அதைத்தான் தாண்டி வருகிறார்கள். வளைவின் ஆரத்தைக் குறைத்துக் கார்களின் வேகத்தை மட்டுப்படுத்தவும், கடக்கும் இடத்தை மேடாக்கவும் வரைபடம் கொடுத்திருக்கிறோம். நெடுஞ்சாலைப் பிரிவின் ஒப்புதலுக்காக அது காத்திருக்கிறது.